விஷன் போர்டும் வீட்டு கேலண்டரும்

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க. ஜோலார்பேட்டை பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர் நான். இன்னிக்குப் பேசப் போறது டெங்குவும் இல்ல, நாய்க்கடியும் இல்ல. விஷன் போர்டு. சிரிக்காதீங்க. என் ஓ.பி.யில் இது ஒரு அக்காவோட கால் கட்டைவிரல் வரைக்கும் வந்த விஷயம்.

2/
தெரியாதவங்களுக்கு: ஒரு சார்ட் அட்டை வாங்கணும். வாழ்க்கையில் என்னென்ன வேணுமோ அதோட படத்தையெல்லாம் வெட்டி ஒட்டணும். வீடு, கார், ஒல்லியான உடம்பு, வெளிநாட்டு டூர், வெள்ளை கோட்டு. கண்ணில் படுற இடத்தில் மாட்டி, தினமும் காலையில் அது ஏற்கெனவே கிடைச்சுட்ட மாதிரி நினைச்சுப் பார்க்கணும். மீதியைப் பிரபஞ்சம் பார்த்துக்குமாம். ஜனவரி பிறந்தா ரீல்ஸ் முழுக்க இதுதான்.

3/
நான் சொல்ல வர்றதை முதல்லயே சொல்லிடறேன். வீட்டுல ஒரு போர்டு வைக்கிறது தப்பே இல்ல. நாம அதில் ஒட்டுறதுதான் தப்பு. போய்ச் சேர வேண்டிய ஊரை ஒட்டுறோம். வழியில் இருக்கிற பள்ளத்தை ஒட்டுறதில்ல. இதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. கிடைக்கலைன்னா "உன் நம்பிக்கை பத்தல"ன்னு சொல்லி நம்மையே குற்றவாளி ஆக்குறாங்க. அதுக்குக் காசும் வாங்குறாங்க.

4/
முதல்ல அந்த அக்கா கதை. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) வயசு நாற்பதைத் தாண்டியாச்சு. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற லைன்ல வேலை. ஆறு வருஷமா சுகர். மாத்திரையில் நல்லாவே கட்டுப்பாட்டில் இருந்தது. திடீர்னு நாலு மாசம் ஆளைக் காணோம். வந்தப்போ கால் கட்டைவிரல் ஓரத்தில் புண். வலியே தெரியலையாம். செருப்பு கடிச்சது எப்போன்னும் தெரியல. மூணு மாச சராசரி சுகர், அதாவது ஹெச்.பி.ஏ.1.சி, 11-ஐத் தாண்டியிருந்தது.

5/
"மாத்திரை போடறீங்களாக்கா?"ன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கினாங்க. "நிறுத்திட்டேன் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு போன்ல ஒரு கிளாஸ் சேர்ந்துச்சு, நானும் கூட உக்காந்து பார்த்தேன். நோயைப் பத்தி நெனச்சா நோய்தான் வரும், ஆரோக்கியத்தைப் பத்தி நெனச்சா ஆரோக்கியம் வரும்னாங்கோ. மாத்திரை டப்பாவைப் பார்த்தாலே நோய் ஞாபகம்தானே வருது? அதான் எடுத்து உள்ள வச்சுட்டேன்."

6/
கவனிங்க, மாத்திரையை நிறுத்துன்னு அந்த கிளாஸ்ல யாரும் சொல்லல. சொல்லவும் மாட்டாங்க, கேஸ் ஆகிடும்னு அவங்களுக்குத் தெரியும். சொன்ன தத்துவத்தை இந்த அக்கா நேர்மையா கடைசி வரைக்கும் கொண்டுபோனாங்க, அவ்வளவுதான். டி.வி. பக்கத்துல சார்ட் அட்டை. அதில் ஓடுற ஒரு பொண்ணோட படம். கீழே கலர் பேனாவில் "நான் முழு ஆரோக்கியமாக இருக்கிறேன்". அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் கால் புண்ணுக்கு மஞ்சள் வச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.

7/
இன்சுலின் ஆரம்பிச்சோம். தினமும் டிரஸ்ஸிங். நல்லவேளை, புண் எலும்பு வரைக்கும் போகல. விரல் தப்பிச்சது. அந்த மூணு வாரமும் அவங்களுக்குச் சம்பளம் இல்ல. பொண்ணு கட்டின கிளாஸ் ஃபீஸ் 1,999 ரூபாய் தனி.

8/
சரி, இந்த விஷன் போர்டு எங்கிருந்து வந்தது? உலகம் முழுக்கப் பரப்பினது 2006-ல் படமாவும், அதே வருஷம் புத்தகமாவும் வந்த 'தி சீக்ரெட்'. எடுத்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரோண்டா பைர்ன். அவருக்குத் தூண்டுதல் 1910-ல் அமெரிக்காவில் வாலஸ் வாட்டில்ஸ் எழுதின, பணக்காரர் ஆவது பற்றிய புத்தகம். ஆக, இது நூறு வருஷத்துக்கு மேல பழைய சரக்கு. இப்போ 'மேனிஃபெஸ்டேஷன்'னு புது லேபிள் ஒட்டி விக்கிறாங்க. நம்ம ஊர் 'எண்ணம் போல் வாழ்வு' அதுக்கு ஒரு ரிப்பன்.

9/
இதுக்கு அறிவியல் சாயம் வேற. "மூளையில் ஆர்.ஏ.எஸ்.னு ஒண்ணு இருக்கு, போர்டைப் பார்த்தா அது ஆக்டிவேட் ஆகும்"னு ரீல்ஸ்ல கை ஆட்டிச் சொல்றாங்க. ஆர்.ஏ.எஸ். இருக்கிறது உண்மைதான். 1949-ல் மொருஸ்ஸி, மகோன்னு ரெண்டு பேர் விளக்கினது. மூளைத்தண்டில் இருக்கிற அந்த நரம்பு வலையோட முக்கிய வேலை நம்மை விழிப்போட வச்சிருக்கிறது. அங்கே பெரிய அடி பட்டா கோமா. கார் படத்தைப் பார்த்துட்டுப் போய் கார் தேடிட்டு வர்ற புரோக்கர் இல்ல அது.

10/
ஒண்ணு மட்டும் உண்மை. சிவப்பு ஸ்கூட்டி வாங்கணும்னு நினைச்சா ரோட்டுல சிவப்பு ஸ்கூட்டியா கண்ணில் படும். கவனம் அப்படித்தான் வேலை செய்யும். ஆனா கண்ணில் படுறது வேற, கைக்கு வர்றது வேற. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு நம்ம பாட்டிகளுக்கு ஆர்.ஏ.எஸ். படிக்காமலே தெரிஞ்சிருக்கு.

11/
"சும்மா பார்க்கிறதுல என்ன நஷ்டம் டாக்டர், ஒரு பாசிட்டிவிட்டி தானே?" இதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா நஷ்டம் இருக்கு. அளந்து பார்த்திருக்காங்க. கேப்ரியல் ஓட்டிங்கன்னு ஒரு ஜெர்மன் உளவியல் பேராசிரியர் முப்பது வருஷத்துக்கு மேல இதையே ஆராய்ச்சி பண்றாங்க.

12/
1991-ல் ஓட்டிங்கனும் தாமஸ் வாடனும் வெளியிட்ட ஆய்வு: உடல் எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்கள். ஆரம்பத்திலேயே ரெண்டு விஷயம் கேட்டாங்க. ஒண்ணு, "உங்களால் முடியும்னு எதிர்பார்க்கறீங்களா?" இன்னொண்ணு, "எடை குறைஞ்ச பிறகு எப்படி இருப்பீங்கன்னு மனசில் என்ன படம் ஓடுது?" ஒரு வருஷம் கழிச்சு எடை பார்த்தாங்க.

13/
"என்னால் முடியும்"னு எதிர்பார்த்தவங்க நல்லாவே குறைச்சிருந்தாங்க. ஆனா ஒல்லியா, அழகா, எல்லாரும் பாராட்டுற மாதிரி மனசுக்குள்ள அதிகமா படம் ஓட்டினவங்க, அப்படி ஓட்டாதவங்களைவிடச் சராசரியா 11 கிலோ குறைவாத்தான் குறைச்சிருந்தாங்க. நம்பிக்கை உதவுச்சு. பகல் கனவு காலை வாரிடுச்சு. ரெண்டும் ஒண்ணு இல்ல. ரீல்ஸ் வியாபாரம் ரெண்டையும் ஒரே பாக்கெட்ல போட்டு விக்குது.

14/
25 பேர் சின்ன எண்ணிக்கைதான், ஒத்துக்கறேன். ஆனா இதே மாதிரி வேற இடங்களிலும் பார்த்திருக்காங்க. படிப்பு முடிச்சு வேலை தேடுறவங்ககிட்ட 2002-ல் வந்த ஆய்வு: வேலை கிடைச்ச மாதிரி இனிக்க இனிக்கக் கனவு கண்டவங்க ரெண்டு வருஷத்தில் குறைவான விண்ணப்பம்தான் போட்டிருந்தாங்க. வந்த வேலையும் குறைவு, சம்பளமும் குறைவு. இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களிலும் இதே கதை. துள்ளி ஓடுற மாதிரி கனவு கண்டவங்க தேறினது மெதுவா.

15/
ஏன் இப்படி? இதுக்கு வர்ற பதில் நம்ம பெல்ட்டுக்குன்னே எழுதின மாதிரி இருக்கும். 2011-ல் ஹெதர் கேப்பஸும் ஓட்டிங்கனும் செஞ்ச சோதனை. ஹை ஹீல்ஸ் ஷூ போட்டு ஜம்முனு நடக்கிற மாதிரி ஒரு பகுதிப் பெண்களைக் கற்பனை பண்ணச் சொன்னாங்க. இன்னொரு பகுதியை, "நிஜமாவே அது அவ்வளவு நல்லா இருக்குமா?"ன்னு கேள்வியோட யோசிக்கச் சொன்னாங்க. பிரஷர் பார்த்தாங்க. ஜம்முனு நடந்தவங்களுக்கு மேல் எண் இறங்கியிருந்தது.

16/
"பிரஷர் இறங்கினா நல்லதுதானே டாக்டர்?"னு கேட்காதீங்க. இது பிரஷர் வைத்தியம் இல்ல. ஒரு வேலைக்கு உடம்பு தயாராகும்போது அந்த மேல் எண் கொஞ்சம் ஏறும். இங்கே இறங்குதுன்னா உடம்பு "ஆச்சு, கிடைச்சுடுச்சு, இனி ரெஸ்ட்"னு முடிவு பண்ணுது. கல்யாண விருந்தை யோசிச்சே ஏப்பம் விடற மாதிரி. அடுப்பு பத்தவைக்கிற கை எப்படி எழும்?

17/
ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு நம்ம பெல்ட்ல ஆயிரக்கணக்கான பெண்கள் ஷூ தைக்கிறாங்க. நான் பார்த்தவரைக்கும் ஷூவைக் கனவு கண்டு யாரும் தைக்கிறதில்ல. எத்தனை பீஸ், எந்த லைன், எத்தனை மணிக்குள்ள. இலக்குன்னா என்னன்னு இவங்களுக்குக் கிளாஸ் எடுக்க யாருக்கும் தகுதி இல்ல.

18/
இப்போ மனசுக்குள்ள இருந்து போகாத இன்னொரு கேஸ். 19 வயசுப் பொண்ணு. ரெண்டாவது முறை நீட் எழுதி மார்க் வரல. தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல, மயக்கம் போட்டு விழுந்து தூக்கிட்டு வந்தாங்க. டிரிப்ஸ் ஏறும்போது பக்கத்துல உட்கார்ந்து பேசினேன். அறைச் சுவர் முழுக்க வெள்ளைக் கோட்டு, ஸ்டெதஸ்கோப், மெடிக்கல் காலேஜ் கேட். நோட்டுல தினமும் "நான் டாக்டர், நான் டாக்டர்"னு எழுதியிருக்கு.

19/
அந்தப் பொண்ணு சொன்னது: "எம்மேலதான் மேடம் தப்பு. மனசு ஓரத்துல ஒரு பயம் இருந்துச்சு. முழுசா நம்பியிருந்தா யுனிவர்ஸ் குடுத்திருக்கும்." நான் கேட்டேன்: "எந்தப் பாடத்துல மார்க் போச்சு? எந்த சேப்டர்?" கொஞ்ச நேரம் யோசிச்சுது. "பார்க்கல மேடம். நெகட்டிவ்வா யோசிக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

20/
அவங்க அப்பா ரயில்வேயில் இருக்கார். பெட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தவர் மெதுவா சொன்னார்: "வண்டி லேட்டாச்சுன்னா எங்க நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னுதாம்மா எழுதுவோம். டிரைவருக்கு நம்பிக்கை பத்தலைன்னு எழுத மாட்டோம்." அன்னிக்கு நான் கொடுத்த எந்த மருந்தைவிடவும் அந்த வார்த்தை நல்லா வேலை செஞ்சது.

21/
என் கோபமெல்லாம் இங்கேதான். கிடைச்சா போர்டோட மகிமை, கிடைக்கலைன்னா உன் மனசோட கோளாறு. இப்படி ஒரு மருந்தை நான் எழுதிக் கொடுத்தா என்னைச் சும்மா விடுவீங்களா? "மாத்திரை நல்ல மாத்திரைதான்மா, நீ முழுங்கும்போது பக்தியோட முழுங்கல"ன்னு சொன்னா? எப்பவுமே தோக்காத மருந்துன்னு ஒண்ணு கிடையாது. அப்படி ஒருத்தர் வித்தா, அவர் விக்கிறது மருந்தே இல்ல.

22/
"கலாம் ஐயாவே கனவு காணச் சொன்னாரே?" வரும்னு தெரியும். அவர் வாழ்க்கையையே பாருங்க. விமானப்படை பைலட் ஆகணும்கிறதுதான் அவரோட ஆசை. டேராடூன் தேர்வில் எட்டு இடம், இவர் ஒன்பதாவது. 'அக்னிச் சிறகுகள்'ல அவரே எழுதியிருக்கார். ஆசை கொஞ்சமாவா இருந்திருக்கும்? எட்டு இடத்துக்கு ஒன்பதாவது ஆளை ஆசையால் ஏத்த முடியாது.

23/
1979 ஆகஸ்ட் 10. அவர் திட்ட இயக்குநரா இருந்த எஸ்.எல்.வி.-3-இன் முதல் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அப்போ யாரும் "டீமுக்கு நம்பிக்கை பத்தல"ன்னு சொல்லல. ரெண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் என்ன கோளாறுன்னு தேடிக் கண்டுபிடிச்சாங்க. தலைவர் சதீஷ் தவன் பத்திரிகையாளர்கள் முன்னாடி பொறுப்பைத் தன் மேல ஏத்துக்கிட்டார். 1980 ஜூலை 18, ரோகிணி சுற்றுப்பாதையில். கலாமோட 'கனவு'ன்னா இதுதான்: கோளாறைத் தேடுற கனவு. தலைவர் பழியை ஏத்துக்கிட்ட அந்த ஊர்லதான் இன்னிக்கு ஃபீஸ் வாங்கினவங்க பழியை உங்க தலையில் போடறாங்க.

24/
நம்ம பக்கத்திலேயே ஒரு ஆள். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர். டாக்டர் ஆகுற ஆசையே இல்லாத பொண்ணு. திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூணு பேர் வந்து, பிரசவ வலியில் இருக்கிற மனைவிக்கு உதவி கேட்டாங்க. அப்பா டாக்டர், ஆனா ஆண் டாக்டர் தொடக் கூடாது. விடிஞ்சப்போ மூணு பெண்களும் இறந்துட்டாங்க. ஐடா மனசில் ஒட்டினது வெற்றிப் படம் இல்ல. அந்தத் தடை: இங்கே பெண் டாக்டர் இல்ல.

25/
1899-ல் கார்னெலில் டாக்டர் பட்டம். 1900-ல் வேலூரில் கிளினிக், அதில் ஒரே ஒரு கட்டில். 1902-ல் 40 படுக்கை மருத்துவமனை. 1909-ல் நர்சிங் பள்ளி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்னிக்கு நாம 'சி.எம்.சி.'ன்னு சொல்றது அதைத்தான். எங்கேயோ இருக்கிற பெரிய கட்டடத்தை அவங்க முதல்ல வரையல. எந்த இடத்தில் உயிர் போகுதோ அந்த இடத்தில் ஒரு கட்டிலைப் போட்டாங்க.

26/
ஊருக்கு உபதேசம்னு நினைக்காதீங்க. என் வீட்டு பீரோ கதவுலயும் ஒரு விஷன் போர்டு இருந்தது. என் பேருக்குப் பின்னாடி "எம்.டி." பெருசா எழுதி, சுத்தி வர கிளிட்டர். முதல் வாரம் பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள்ள ஜிவ்வுன்னு இருக்கும். ரெண்டாம் மாசம் பார்த்தா குற்ற உணர்ச்சி. ஆறாம் மாசம் அது கண்ணிலேயே படல. பக்கத்துல மாட்டியிருந்த துண்டும் அதுவும் ஒண்ணாயிடுச்சு. ரெண்டு முறை பி.ஜி. நீட் எழுதினேன். சீட் வரல.

27/
அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து, எனக்கு நிஜமான தடை எதுன்னு எழுதினேன். நம்பிக்கை இல்லாதது இல்ல. நைட் ட்யூட்டி முடிஞ்சு வந்தா குழந்தை முழிச்சிருப்பான். அவனை ஸ்கூலுக்கு அனுப்பிட்டுப் படுத்தா மத்தியானம். புத்தகத்தைத் திறந்தா எங்கே விட்டேன்னு தேடவே அரை மணி நேரம். இவ்வளவுதான் வில்லன். இதுக்குப் பிரபஞ்சம் என்ன பண்ணும், குழந்தையைக் குளிப்பாட்டுமா?

28/
எழுதின பிறகு பண்ணினது: "குழந்தையை வேன்ல ஏத்தின உடனே, படுக்கிறதுக்கு முன்னாடி, 20 கேள்வி. எங்கே விட்டேனோ அங்கே ரப்பர் பேண்ட்." அடுத்த முறை ரேங்க் நல்லா முன்னேறுச்சு. ஆனாலும் சீட் கிடைக்கல. பொய் சொல்ல மாட்டேன், நான் இன்னும் எம்.பி.பி.எஸ்.தான். ஆனா இப்போ எது குறையுதுன்னு எனக்குத் தெரியும். அந்த கிளிட்டர் போர்டு ரெண்டு வருஷம் அதைத்தான் என்கிட்ட இருந்து மறைச்சு வச்சிருந்தது.

29/
நான் பண்ணினதுக்கு ஆராய்ச்சியில் பேரே இருக்கு, எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சது. பீட்டர் கோல்விட்சர்னு ஒரு உளவியலாளர் சொல்ற 'இப்படி ஆனா, இதைச் செய்வேன்' திட்டம். "எடை குறைப்பேன்" இல்ல; "ராத்திரி சாப்பிட்டுத் தட்டு கழுவின உடனே தெரு முனை வரைக்கும் நடப்பேன்". எப்போ, எங்கே, எதுக்குப் பின்னாடி. அவ்வளவுதான்.

30/
சின்ன விஷயம் மாதிரி இருக்கு இல்ல? இங்கிலாந்தில் 2000-ல் வந்த ஆய்வு: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரவேண்டிய பெண்கள். ஒரு பகுதிப் பெண்களை மட்டும் எப்போ, எங்கே, எப்படி அப்பாயின்ட்மென்ட் வாங்குவீங்கன்னு எழுதச் சொன்னாங்க. எழுதினவங்களில் 92 சதவீதம் பேர் வந்தாங்க. எழுதாதவங்களில் 69. ஒரு பேப்பர், ஒரு பேனா, ரெண்டு வரி.

31/
மாணவர்களுக்கு: 1999-ல் ஃபாம், டெய்லர்னு ரெண்டு பேர் கலிஃபோர்னியாவில் செஞ்ச ஆய்வு. பரீட்சைக்கு முன்னாடி ஒரு குழு, நல்ல கிரேடு வாங்கின மாதிரி தினமும் கற்பனை பண்ணுச்சு. இன்னொரு குழு, மேஜையில் உட்கார்ந்து படிக்கிற மாதிரி கற்பனை பண்ணுச்சு. படிக்கிறதைக் கற்பனை பண்ணின குழு அதிக மார்க். கிரேடைக் கற்பனை பண்ணின குழு படிச்ச நேரமே குறைவு. கற்பனை தப்பில்ல, எதைக் கற்பனை பண்றோம்கிறதுதான் விஷயம்.

32/
இப்போ மறுபடி அந்த ஷூ கம்பெனி அக்கா. டிரஸ்ஸிங் மாத்த வந்த ஒரு நாள் கேட்டேன்: "குழுக் கடன் கட்டறீங்களே, ஒரு மாசமாவது தவறியிருக்கா?" கோபமே வந்துடுச்சு. "நாலு வருசமா ஒரு தவணை தவறினதில்ல மேடம்!" "எப்படி?" "கேலண்டர்ல வட்டம் போட்டுனு இருக்கேன். சம்பளம் வந்த அன்னிக்கே எடுத்து அஞ்சறைப் பெட்டி அடியில வச்சுடுவேன். எவ்ளோ கஷ்டம்னாலும் அதுல கை வைக்க மாட்டேன்."

33/
எனக்குப் பொறி தட்டினது அப்போதான். டி.வி.க்கு ஒரு பக்கம் விஷன் போர்டு. இன்னொரு பக்கம் ஏதோ நகைக்கடை கொடுத்த மாசக் கேலண்டர். அதில் பால் கணக்கு, கேஸ் புக் பண்ணின தேதி, குழுத் தவணை வட்டம், தண்ணி வர்ற நாள். அந்த வீடு ஓடறது எதால? கேலண்டரால. நம்ம அம்மாக்கள் கோல்விட்சருக்கு முன்னாடியே கோல்விட்சர். நமக்குத்தான் அது படிக்காதவங்க பழக்கமாவும், கிளிட்டர் போர்டு முன்னேற்றமாவும் தெரிஞ்சுடுச்சு.

34/
அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து தடைகளை எழுதினோம். காலையில் கம்பெனி பஸ் சீக்கிரம் வந்துடும், சாப்பிடாம மாத்திரை போட்டா வயிறு கலக்கும், லைன்ல இருந்து அடிக்கடி பாத்ரூம் போக முடியாது. மாசா மாசம் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி வந்தா ஒரு நாள் கூலி போச்சு. பாருங்க, இதில் ஒண்ணாவது மனசில் இருக்கா? பஸ்ல இருக்கு, லைன்ல இருக்கு, கூலியில் இருக்கு.

35/
இதனாலதான் இந்தப் போர்டு வியாபாரம் எனக்கு ஆபத்தாத் தெரியுது. பாத்ரூம் பிரேக் தர வேண்டியது முதலாளி. பக்கத்திலேயே மருந்து கிடைக்கச் செய்ய வேண்டியது அரசு. என்னை மாதிரி டாக்டர் "ஏன் வரல?"ன்னு திட்டாம காரணம் கேட்கணும். இந்த மூணு பேர் கணக்கையும் ஒரு பெண்ணோட 'எண்ணத்தில்' எழுதி முடிச்சுடறாங்க. கேட்க வேண்டியவங்களைக் கேட்காம, கண்ணாடி முன்னாடி நின்னு நம்மையே கேட்க வைக்கிறாங்க.

36/
தடையைத் தடைன்னு பார்த்தா தீர்வு வரும். 2021 ஆகஸ்ட் 5 அன்னிக்கு, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' அப்படி வந்ததுதான். "பிரஷர், சுகர் மாத்திரை ஒழுங்கா போடுங்க"ன்னு போஸ்டர் மட்டும் ஒட்டாம, மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற ஏற்பாடு. அந்த அக்கா பேரை அதில் சேர்த்தோம். ஒரு நாள் கூலி மிச்சம்.

37/
மீதிக்கு அவங்க கேலண்டரே போதும். மாத்திரையைக் காலையிலிருந்து மாத்தி, டிபன் பாக்ஸ் மூடியில் ஒட்டின குட்டி கவரில் வச்சாங்க. "கம்பெனியில் டிபன் பாக்ஸ் திறந்து, சாப்பிட்ட உடனே மாத்திரை." போட்ட நாளுக்குக் கேலண்டர்ல ஒரு புள்ளி. மூணு மாசத்தில் ஹெச்.பி.ஏ.1.சி 8-க்குக் கீழ வந்தது. (நேரம் மாத்தறதை உங்க டாக்டர்கிட்ட கேட்டுத்தான் செய்யணும். இதைப் படிச்சுட்டு நீங்களா மாத்தாதீங்க.)

38/
சரி, வீட்டுல போர்டு வைக்கணும்னு ஆசையா? வைங்க. செலவில்லாம சொல்றேன். பழைய மாசக் கேலண்டர் தாளைத் திருப்புங்க, பின்பக்கம் வெள்ளை. நாலு கட்டம் போடுங்க.
ஒண்ணு: என்ன வேணும். ஒரே ஒரு விஷயம்.
ரெண்டு: கிடைச்சா என்ன நல்லது. ஒரு வரி. வேணும்னா ஒரு சின்ன படம்.
மூணு: இதுவரைக்கும் எது தடுத்தது. இதுதான் பெரிய கட்டம்.
நாலு: அந்தத் தடை வந்தா அன்னிக்கு என்ன செய்வேன். நேரம், இடத்தோட.

39/
மூணாவது கட்டத்தில் "சோம்பேறித்தனம்"னு ஒரே வார்த்தை எழுதாதீங்க. அது திட்டு, தடை இல்ல. "ஒன்பது மணிக்குப் போன் எடுத்தா பதினொண்ணு ஆகுது"ன்னு எழுதுங்க. அடுத்தவங்க கையில் இருக்கிற தடையா இருந்தா அதையும் எழுதுங்க, அவங்க பேரோட. "சூப்பர்வைசர்கிட்ட கேட்கணும்", "வீட்டுக்காரர்கிட்ட பேசணும்", "பஞ்சாயத்துல மனு". அப்புறம் முன்பக்கக் கேலண்டர்ல தினமும் ஒரு புள்ளி. புள்ளி விட்டுப்போனா அழாதீங்க. எங்க நின்னுச்சு, ஏன் நின்னுச்சு, அவ்வளவுதான்.

40/
ஜோலார்பேட்டையில் எங்க நின்னு பார்த்தாலும் ஏலகிரி தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். பார்த்துக்கிட்டே இருந்ததால யாரும் மேல போய்ச் சேர்ந்ததில்ல. பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணா திரும்பணும். மலை படத்தை வீட்டுல மாட்டாதீங்க, அதான் ஜன்னல்லயே தெரியுதே. வளைவுகளை எழுதி மாட்டுங்க.

41/
கடைசியா, மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும். மார்க் வரலைன்னா அது உங்க நம்பிக்கையோட பரீட்சை முடிவு இல்ல. தூக்கம் வரல, வாழ்க்கையே வேணாம்னு தோணுதுன்னா உடனே யார்கிட்டயாவது பேசுங்க. 104-க்கும், டெலி மானஸ் 14416-க்கும் இலவசமா கூப்பிடலாம். இல்ல, பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாங்க. "நீ சரியா நம்பல"ன்னு நாங்க யாரும் சொல்ல மாட்டோம்.

42/
அந்த அக்கா போன வாரம் வந்தாங்க. "போர்டை எடுத்துட்டீங்களாக்கா?"ன்னு கேட்டேன். "இல்ல மேடம், பொண்ணு ஆசையா ஒட்டுனது, இருந்துட்டுப் போகட்டும். அந்த ஓடுற பொண்ணு கால்கிட்ட மட்டும் நான் ஒண்ணு எழுதியிருக்கேன்"னாங்க. என்னன்னு கேட்டேன். "ராத்திரி கால் கழுவி, வெரல் இடுக்கு பார்க்கணும்னு."
முற்றும். உங்க வீட்டு கேலண்டர் படம் இருந்தா கீழே போடுங்க, பார்க்க ஆசையா இருக்கு.